காரியாபட்டிச் சாலையில் ஒரு கரிமப் பாடத்திட்டம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் பூமியை நெடுக்காகக் கடக்கிறது. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரு மருங்கிலும் கருவைக் காடு. உள்ளே எங்காவது கரிமூட்டத்தின் புகை. அருப்புக்கோட்டையில் நூற்பாலைகள். பந்தல்குடியில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம். கிழக்கே ஒதுங்கினால் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். சாலை முடிகிற ஊரில் அனல்மின் நிலையம். கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கிய ஆலையும் அங்கேதான். காலநிலை மாற்றத் தணிப்பு, கரிம மேலாண்மை என்ற தலைப்பில் முதுநிலை படிக்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் புத்தகத்தில் பார்ப்பதில் முக்கால்வாசி இந்த ஒரு சாலையில் கண்ணில் படுகிறது. அந்தப் பட்டத்தைத் தேடி நம் பிள்ளைகள் போவதோ டெல்லிக்கும் எடின்பரோவுக்கும். அந்தப் படிப்பு எதைச் சொல்லித் தருகிறது, யாருக்கு உதவுகிறது, இந்த மானாவாரிச் சீமையின் கேள்விகளுக்கு அதில் இடம் உண்டா என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

காலநிலைப் படிப்புக்கு இரண்டு கிளைகள். மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது தகவமைப்பு. வெப்பத்தைக் கூட்டும் வாயுக்களைக் குறைப்பதும், வெளியேறியதைத் திரும்ப மரத்திலும் மண்ணிலும் பாறையிலும் சேர்ப்பதும் தணிப்பு. திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரியிடம் கேட்டால் முதலாவதுதான் வேண்டும் என்பார். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவு மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். அது தப்பினால் பருத்தியும் உளுந்தும் மல்லியும் தப்பும். டிராக்டர் உழவு, இரண்டு மூட்டை யூரியா, மின்மோட்டார் இவ்வளவுதான் அவர் காற்றில் விடும் கரிமத்தின் ஊற்றுகள். தணிப்பின் பாரத்தை அவர் தலையில் ஏற்ற எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் தணிப்பு அவர் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. சூரியத் தகடு வைக்க நிலம், மரம் வளர்த்துக் கணக்குக் காட்ட நிலம், மண்ணில் கரிமம் சேர்த்து விற்க ஒப்பந்தம் என்று கேட்டு வருகிறவர்கள் கையில் அட்டவணைகளோடு வருகிறார்கள். அந்த அட்டவணையை வாசிக்கத் தெரிந்த ஆள் ஊருக்குள் இருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாடத்தின் முதுகெலும்பு கணக்கு. அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். ஆலைக்குள்ளேயே எரியும் டீசல் ஜெனரேட்டரின் புகை முதல் வகை. வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ எரிந்த நிலக்கரி இரண்டாம் வகை. பஞ்சு விளைந்த வயலில் யூரியாவிலிருந்து கிளம்பிய நைட்ரஸ் ஆக்சைடு, லாரி ஏறிப் போன நூல், அதைச் சாயமேற்றும் பட்டறை எல்லாம் மூன்றாம் வகை. இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்குச் சுமார் 0.7 டன் கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையத்தின் தரவு சொல்கிறது. மீத்தேனை நூறாண்டு அளவுகோலில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு என்றும், நைட்ரஸ் ஆக்சைடை 265 மடங்கு என்றும் பெருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கை. பெருக்கிக் கூட்டத் தெரிந்தால் முதல் பருவம் முடிந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தென் மாவட்ட ஆலைகள் பலவற்றுக்குக் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் சொந்தக் காற்றாலைகள் உண்டு. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று அள்ளிக் கொடுக்கும். தை, மாசியில் இறக்கை அசையாது. காற்றுக் காலத்தில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், ஆண்டுக் கணக்குப் பார்த்தால் ஆலை ஓடியது முழுக்கக் காற்றில். மணிக்கணக்குப் பார்த்தால் மாசி மாத இரவில் அந்தக் கதிர்கள் சுற்றியது நிலக்கரியில். இரண்டும் மெய். ஐரோப்பியக் கொள்முதலாளர் எதை ஏற்பார், எதை ஏற்க வேண்டும் என்று வாதாடத் தெரிந்தவருக்குத்தான் முதுநிலை என்ற பெயர் பொருந்தும்.

இந்தப் படிப்புக்குத் தேவை வந்த கதை சுருக்கமானது. 1997 கியோட்டோ உடன்படிக்கை 2005-இல் அமலுக்கு வந்ததும், வளரும் நாட்டில் குறைத்த ஒவ்வொரு டன்னையும் விற்கலாம் என்றானது. ஆலோசகர்கள் முளைத்தார்கள், இந்தியா அந்தச் சந்தையில் முன்வரிசையில் நின்றது. 2012 வாக்கில் விலை தரைதட்டியது, முளைத்தவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். இரண்டாம் சுற்று 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று அறிவித்த பிறகு தொடங்கியது. பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்று சந்தையின் ஒழுங்குமுறை வாரியமான செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-இல் இந்தியக் கரிம வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் சிமெண்டு, இரும்பு, அலுமினியம், உரம் முதலியவற்றுக்குக் கரிம வரி போடும் ஏற்பாட்டை 2023 அக்டோபரில் ஒத்திகையாகத் தொடங்கி 2026 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூலும் துணியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய வேலைவாய்ப்பு சட்டத்திலிருந்து வருகிறது, அன்றையது சந்தையிலிருந்து வந்தது. இந்த முறை கொஞ்சம் நிலைக்கும் என்று நம்ப அதுவே காரணம்.

எங்கே படிக்கலாம்? கரிம மேலாண்மை என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தந்ததில் முன்னோடி எடின்பரோ பல்கலைக்கழகம். டெல்லியில் டெரி உயர்கல்வி நிறுவனம் காலநிலை அறிவியலும் கொள்கையும் என்று எம்.எஸ்சி. நடத்துகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் 2010-இல் காலநிலைக் கல்விக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கியது. அங்கே அழுத்தம் தகவமைப்பில். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2009 முதல் திவேசா மையம், மும்பை ஐ.ஐ.டி.யில் காலநிலை ஆய்வுக்குத் தனிப் பிரிவு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, காந்திகிராமத்தின் கிராம எரிசக்தி மையம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி, சுற்றுச்சூழல் புலம் என்று துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. வானிலை ஒரு வளாகத்தில், மரம் ஒன்றில், மின்சாரம் இன்னொன்றில். மாணவர் மூன்றையும் தாமாகவே இணைத்துக்கொள்ள வேண்டும்.

துண்டு துண்டாக இருப்பது குறைதான், ஆனால் அதற்கு மருந்தாக ஊருக்கு ஒரு புதுப் பட்டம் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பசுமை என்ற சொல்லை முன்னால் ஒட்டிய பட்டங்கள் ஏற்கெனவே விளம்பரப் பலகைகளில் நிறைய இருக்கின்றன. வேதியியலோ தாவரவியலோ இயந்திரவியலோ பொருளாதாரமோ ஒன்றை ஆழமாகப் படித்தவர் அதன்மேல் கரிமக் கணக்கைக் கற்றால் நிற்பார். அருப்புக்கோட்டையில் சைவபானு சத்திரிய கல்லூரியும் தேவாங்கர் கலைக்கல்லூரியும், காரியாபட்டியை அடுத்த புல்லூரில் 1995 முதல் சேது பொறியியல் கல்லூரியும் உள்ளன. அங்கே இளநிலை முடித்தவருக்கு மேலே ஓராண்டுக் கடுமையான பட்டயம் இருந்தால் போதும். எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் முழுதாக இல்லை என்று இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர் கடைசியில் நிறுவன அறிக்கைக்குப் படம் தேடும் வேலையில்தான் போய்ச் சேர்கிறார்.

ஒரு துறையை ஆழமாகப் படிப்பதன் பயன் சிமெண்டில் தெரியும். ராம்கோ குழுமத்தின் முதல் ஆலை விருதுநகரை அடுத்த ராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. பந்தல்குடி அதற்குக் கல் தரும் சுரங்கங்களில் ஒன்று. தொழிற்சாலையின் கரிமத்தைக் குறைக்க வேண்டும் என்றால் எரிபொருளை மாற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சுண்ணாம்புக்கல்லின் வேதியியல் அறிந்தவருக்கு அது பாதி வழிகூட வராது என்று தெரியும். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ நீறு நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். விறகில் சுட்டாலும் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் இந்த 44 மாறாது. சிமெண்டுத் தொழிலின் மொத்த வெளியீட்டில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து, கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரின் பங்கைக் குறைப்பது ஒரு வழி. தென்மாவட்டத்துக்குத் தூத்துக்குடி சாம்பல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் காலத்தில் சாம்பல் எங்கிருந்து வரும்? ஒரு தணிப்பு இன்னொரு தணிப்பின் மூலப்பொருளைத் தின்கிற இந்த மாதிரி முடிச்சுகளில்தான் நல்ல ஆய்வேடுகள் பிறக்கும்.

தூத்துக்குடிச் சோடா ஆலை இன்னொரு பாடம். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்த சர்மாவும் பிரதீக் பும்பும் 2009-இல் தொடங்கிய நிறுவனத்தின் கரைப்பானைக் கொண்டு, தூத்துக்குடி அல்கலி ஆலை 2016-இல் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்பதால் உலகச் செய்தியாயிற்று. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சோடா உப்புக்குள் போன கரியமில வாயு, அந்த உப்பு கண்ணாடிச் சூளையிலோ சலவையிலோ போனபின் எங்கே இருக்கும் என்று மாணவர் கேட்க வேண்டும். பிடிப்பது ஒன்று, நிலையாகப் பூட்டிவைப்பது ஒன்று.

கமுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் அதானி நிறுவனம் 2,500 ஏக்கரில் அமைத்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. 648 மெகாவாட்டும் சராசரியாக நாளில் ஐந்தில் ஒரு பங்கு முழுத்திறனில் ஓடுவதாக வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 113 கோடி யூனிட், 0.7-ஆல் பெருக்கினால் எட்டு லட்சம் டன் மிச்சம். எந்த மாணவரும் பத்து நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு. அந்த 2,500 ஏக்கரில் முன்பு ஆடு மேய்த்தவர்கள், மிளகாய்ப் பழம் எடுக்கப் போன பெண்கள் ஆகியோரின் கூலிக்கு அதில் பத்தி கிடையாது. கரிமக் கணக்கில் சேராவிட்டாலும் திட்டக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இனிக் கருவைக்கு வருவோம். இந்தச் சீமையில் கரிமம் பற்றிப் பேசுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

கருவை என்று இங்கே சொல்லும் சீமைக்கருவேலம் அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டதாகப் பதிவு. பிறகு விறகுப் பஞ்சத்துக்கென்று பரப்பப்பட்டு, கண்மாய், ஓடை, தரிசு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், தென்மாவட்டங்களில் அதை அகற்றச் சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டது. 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவது குறித்து மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. வெட்டு என்போரும் விடு என்போரும் கரிமத்தைத் தங்கள் பக்கம் சாட்சிக்கு அழைத்தார்கள். எடை போட்டுப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு.

எடை போடுவதும் சுலபமில்லை. மரத்தின் கரிமத்தை மதிப்பிட உலகெங்கும் நெஞ்சுயரத்தில் விட்டம் அளந்து சூத்திரத்தில் போடுவார்கள். கருவைக்கு நெஞ்சுயரத்தில் ஒரு தண்டா இருக்கிறது? தூரிலிருந்தே ஆறேழு கிளை வெடித்து நிற்கும். தரையை ஒட்டி ஒவ்வொரு கிளையையும் அளந்து, மாதிரிக்குச் சில தூர்களை வெட்டி, உலர்த்தி, நிறுத்து, இந்த மண்ணுக்கென்று சூத்திரம் செய்ய வேண்டும். வெட்டவும் நிறுக்கவும் கரிமூட்டம் போடும் மூட்டக்காரரைவிடத் தேர்ந்தவர் யாருமில்லை. ஒரு காட்டைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை டன் விறகு விழும் என்று சொல்லிக் குத்தகை பேசுகிறவர் அவர். அவருடைய மதிப்புக்கும் செயற்கைக்கோள் படத்தின் மதிப்புக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதே ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதும்.

மூட்டத்துக்குள் நடப்பதையும் கணக்கில் எழுதலாம். உலர்ந்த விறகு ஒரு டன்னில் கரிமம் சுமார் 470 கிலோ. விறகை அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் பூசி, காற்றை அளந்து விட்டு நாள்கணக்கில் வேகவைத்தால் நாலில் ஒரு பங்கு கரி கிடைக்கும் என்று வைப்போம். 250 கிலோ கரியில் கரிமம் 200 கிலோவுக்குள். மீதி 270 கிலோவுக்கு மேல் புகையாகப் போயிற்று. அதில் ஒரு பகுதி மீத்தேன். வெட்டிய தூர் மூன்று நான்கு ஆண்டில் மறுபடி தழைத்து அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே நிகரம் பூஜ்யம் என்பது ஒரு வாதம். கரியமில வாயுவுக்கு அது ஒருவேளை பொருந்தும். மீத்தேனுக்குப் பொருந்தாது, புகைக்குள் நிற்கும் ஆளின் நுரையீரலுக்கும் பொருந்தாது. வாயுவை உள்ளேயே எரித்துவிடும் உலை வந்தால் கரியும் கூடும், மீத்தேனும் குறையும். அந்த உலையின் விலையை மூட்டக்காரர் தாங்குவாரா? கியோட்டோ காலத்தில் கருவை விறகில் ஓடும் சிறு மின்நிலையங்கள் தென்மாவட்டங்களில் வந்தபோது, விறகுக்கு மின்நிலையமும் மூட்டமும் போட்டி போட வேண்டியிருந்தது. கரிமத் திட்டம் ஒன்று வரும்போது ஏற்கெனவே அந்தப் பொருளை நம்பிப் பிழைப்பவர் யார் என்பது திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வர வேண்டிய கேள்வி.

கரித்தூளை எரிக்காமல் மண்ணில் இட்டால் அதன் கரிமம் நீண்ட காலம் சிதையாமல் தங்கும், கரிசல் மண்ணும் ஈரம் பிடிக்கும் என்று சொல்லப்படுகிறது. கருவைக் கரியை மண்ணில் இட்டு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஆய்வுகள் செய்திருக்கிறது. இதுவே தணிப்பும் தகவமைப்பும் கைகோக்கும் இடம் என்று எழுதத் தோன்றும். ஆனால் கரி சந்தைக்குப் போனால் இன்றே காசு, மண்ணுக்குப் போனால் யாரோ எப்போதோ தரும் காசு. இந்த இடைவெளியை அடைக்கும் பொருளாதாரம் தெரிந்தவர் ஆய்வகத்தில் இல்லை, வணிகத் துறையில் இருக்கிறார்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தை அறிவித்து, அடுத்த ஆண்டு அதற்கென நிறுவனம் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மாவட்டங்களில் பணியாற்ற 40 பேரை முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் எடுத்தது. இராஜபாளையம் 2041-க்குள் கரிமச் சமநிலை என்று இலக்கு வைத்திருக்கிறது. மாவட்ட அளவில் கரிமக் குறைப்புத் திட்டம் வகுக்கப்பட்ட முதல் நான்கில் கோவை, நீலகிரி, இராமநாதபுரத்தோடு விருதுநகரும் ஒன்று. ஆக, வேலை இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை சிறிது. பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக மாநில முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். 2018-இல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது. மதிப்பெண் இங்கிருந்து பஸ் ஏறிப் போய்விடுகிறது என்பதற்கு வேறு புள்ளிவிவரம் வேண்டாம்.

கடைசியாக மண். கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழே. 0.4 சதவீதம் என்று வைத்து, ஓர் அடி ஆழத்துக்கு, கன அடர்த்தி 1.3 என்று போட்டால் ஏக்கருக்கு ஆறு டன் சொச்சம் கரிமம். தொழுவுரம், பயறு வகை, குறைந்த உழவு என்று பாடுபட்டு அதைப் பத்து ஆண்டில் 0.5 சதவீதம் ஆக்கினால் கூடுவது ஏக்கருக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் கரிமம், 3.67-ஆல் பெருக்கினால் ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு. டன்னுக்கு ஆயிரம் ரூபாய் கிடைப்பதாகவே வைப்போம். ஆண்டுக்கு ஏக்கருக்கு 580 ரூபாய், அதுவும் அளவைச் செலவையும் தரகையும் கழிக்காமல். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு நாள் கூலிக்குக் காணாத தொகைக்குப் பத்து ஆண்டு நிலத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வருகிறவரிடம், இந்தக் கணக்கைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டத் தெரிந்த பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் போதும். மண்ணில் கரிமம் சேர்ப்பது நல்லது. ஈரத்துக்காகவும் விளைச்சலுக்காகவும் சேர்க்கட்டும், வரவை உபரியாக நினைக்கட்டும்.

அளப்பதிலும் இந்த மண் சும்மா விடாது. கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் கிடக்கிறது; பந்தல்குடிச் சுண்ணாம்பின் ஒன்றுவிட்ட உறவு. மாதிரியை அமிலத்தில் கழுவாமல் கருவியில் எரித்து மொத்தக் கரிமம் அளந்தால், அந்தச் சுண்ணாம்பின் கரிமமும் சேர்ந்து வந்து விவசாயியைப் பணக்காரராகக் காட்டும். 1934-இல் வாக்லியும் பிளாக்கும் வகுத்த பழைய அமில முறையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது எல்லாக் கரிமத்தையும் பிடிக்காது. எந்த முறை என்று எழுதாத முடிவை நம்பக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நாள்காட்டி. கன அடர்த்திக்கு வளையத்தை மண்ணில் அடித்து எடுப்பார்கள். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை வெயிலில் கால் நுழையும் அளவு வெடிப்பு விட்ட காட்டில் கட்டியின்மேல் அடித்தால் ஓர் எண், கார்த்திகை ஈரத்தில் அதே காட்டில் வேறோர் எண். கரிமம் மாறாமலேயே கணக்கு மாறும். முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுப் பருவம் நாட்டில் பெரும்பாலும் தையிலிருந்து சித்திரை வரை. மண் காய்ந்து வெடித்துக்கொண்டே போகும் மாதங்கள் அவை. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கரிசல் அதன் வயல்களிலேயே கிடைக்கிறது. இங்கே ஓராண்டுப் பட்டயம் என்றாவது தொடங்கினால் சேர்க்கையை ஆடியில் வைத்து, வகுப்புகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, ஐப்பசியில் முதல் உழவு மழை இறங்கி மண் ஒரே சீராக நனைந்த வாரத்தில் மாணவர்களை வளையத்தோடும் சுத்தியலோடும் காட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். தேர்வைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.